நீலத் தார்ப்பாய்க் கல்யாணம்

புதூர்நாட்டில் என் தம்பி மகள் ரேணுகாதேவியின் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டது நான்தான். வெயிலுக்கு நல்லதென்று நீலத் தார்ப்பாயாகப் பார்த்துக் கட்டினேன். அதன் கீழே நின்ற மாப்பிள்ளையை யாரோ கிருஷ்ணன் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பந்திக்குப் போனார்.

தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா குப்பம்மா கேமராவின் திரையை எட்டிப் பார்த்தாள். சிவப்புக் கூறைப்புடவை கறுப்பாகத் தெரிந்தது. பெண்ணின் மஞ்சள் முகத்தில் பாசி பிடித்திருந்தது.

"கறுப்புச் சீலையிலயா என் புள்ளைக்குக் கட்டி வச்சீங்க? இந்தப் போட்டோ என் வூட்டுச் செவுத்துல ஏறாது!"

ரேணுகா தலை குனிந்துகொண்டாள். புகுந்த வீட்டாரிடம் கேட்கும் முதல் பேச்சே இதுவா என்று எனக்கு உறுத்தியது.

படம் எடுத்த அம்சவல்லி ஆலங்காயத்துப் பெண். பதறவே இல்லை.

"எல்லாம் ரா ஃபைலுங்க. விழுந்த வெளிச்சம் அப்டியே உள்ள இருக்குது, நிறத்த இனிமேதான் முடிவு பண்ணணும். எந்தச் சாயமும் இல்லாத வெள்ளையோ சாம்பலோ படத்துல ஒண்ணு இருந்தாப் போதும், அத வச்சு நீலத்த எடுத்துடலாம்."

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து தேடினாள். வேட்டிகளில் எல்லாம் சொட்டு நீலம். அரிசியில் மஞ்சள். கடைசியில் என் நெற்றித் திருநீறு அகப்பட்டது. நானூறு படத்திலும் நான் இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை, பந்தல் போட்டவன் என்ற முறையில் நின்றேன்.

என் நெற்றியில் ஒரு கிளிக். தார்ப்பாயே கழன்று விழுந்த மாதிரி நீலம் போய்விட்டது. அதோடு விட்டாளா? லேப்டாப்பைப் பந்தலுக்கு வெளியே கொண்டுபோய், ரேணுகாவின் முந்தானையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு சிவப்பும் ஒன்றாகும் வரை படத்தின் நிறத்தை நகர்த்தினாள். படத்தில் வாழையிலை அத்தனை பச்சை. கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து திரையை நக்கியது. நான்தான் விரட்டினேன்.

குப்பம்மா குனிந்து பார்த்தாள். "சீலை சரி. என் மூஞ்சி இன்னாத்துக்கு இப்டி வெளிறிக் கெடக்குது?"

"உங்க நெசமான நிறம் அதாங்க."

"நெசம் யாருக்குடி வேணும்?"

அம்சவல்லி சிரித்துக்கொண்டே முகங்களில் மட்டும் சாயங்கால வெயிலின் நிறத்தைத் துளி சேர்த்தாள். படத்தில் குப்பம்மாவுக்குப் பத்து வயது குறைந்தது. நேரிலும் இரண்டு குறைந்ததை நானே பார்த்தேன்.

"நிமுந்து பாரும்மா ரேணுகா, மகாலட்சுமியாட்டம் இருக்குற!" என்று மருமகளின் மோவாயைப் பிடித்தாள் குப்பம்மா. "இதப் பெருசாப் போடு, வாசப்படிக்கு நேரா மாட்டணும். ஆமா, இந்தச் சம்பந்தி இன்னாத்துக்கு எல்லாத்துலயும் நிக்கிறாரு?"

அம்சவல்லி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். நானூறு படத்திலிருந்தும் என்னை வெட்டினாள்.

குப்பம்மா வீட்டுச் சுவரில் ரேணுகாவின் தோளுக்குப் பக்கத்தில் என் காது மட்டும் இருக்கிறது. அபாரமான நிறம்.