ஆதிமூலம் பிரித்துக் கட்டிய இஞ்சின்

ஆதிமூலத்துக்குத் தலைக்கனம் உண்டு. அதை அவரே மறுத்ததில்லை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். தான் பிரித்துக் கட்டிய இஞ்சின் எதுவும் மறுபடி பிரிக்க வந்ததில்லை என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்வார். கேட்டுவிட்டால் இரண்டு தரம் சொல்வார். சொல்வது உண்மையாகவும் இருந்து தொலைத்ததால் யாராலும் வாயடைக்க முடியவில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி மாதத்தில் அந்தப் பேருக்கு ஆபத்து வந்தது. டாக்சி ஸ்டாண்டு சுப்பிரமணியின் அம்பாசிடர் இஞ்சினை ஆறு மாதம் முன்புதான் ஆதிமூலம் பிரித்துக் கட்டியிருந்தார். அதே வண்டியில் இப்போது ‘டொக், டொக்’ என்று ஒரு சத்தம். வெளியூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் விசாரித்ததற்கு, உள்ளே பேரிங் போயிருக்கும், இஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டாண்டில் இருந்த முருகையன் என்ற இளவட்ட டிரைவர் அதை ஊர் முழுக்கப் பரப்பிவிட்டான். ஆதிமூலத்துக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

“நாளைக்கு வண்டியை அங்க விடறதா பேசிட்டேன் ஆதி. இன்னிக்கு ஒரு நாள் வேணா பாத்துக்கோ,” என்றார் சுப்பிரமணி.

முதலில் வேங்கிக்கால் வரை நேர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. வேடிக்கை பார்க்கப் பின் சீட்டில் ஏறியிருந்த முருகையன், “இன்னாண்ணா, உன்னைப் பாத்துப் பயந்துடுச்சா?” என்றான். ஆதிமூலம் ஓட்டிக்கொண்டிருந்த சுப்பிரமணி பக்கம் திரும்பினார்.

“எப்போண்ணா ஜாஸ்தியா வருது?” என்று கேட்டார்.

“சவாரி ஏத்திக்கினு மலை சுத்தறப்போதான். அப்போ விட்டு விட்டு வந்துக்கினே இருக்கும்.”

சரியென்று கிரிவலப் பாதையில் வண்டியை விட்டார்கள். முதல் வளைவிலேயே ‘டொக், டொக்’. ரோடு நேரானதும் நின்றுவிட்டது. அடுத்த வளைவில் மறுபடி வந்தது. ஆதிமூலம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வண்டியைத் திருப்புண்ணா. இதே வளைவை அந்தப் பக்கத்துலேர்ந்து வந்து பாக்கலாம்.”

சுப்பிரமணிக்கு முகம் மாறிவிட்டது. “சுத்த ஆரம்பிச்சுட்டுப் பாதியில திருப்பறதா? பதினெட்டு வருஷமா மலையை வலப்பக்கம் வச்சுதான் சுத்தறேன். இஞ்சின் போனாலும் போவட்டும், அது மட்டும் ஆவாது.”

அவர் சொன்னது நியாயம்தான். ஆதிமூலமே ஓட்டியிருந்தாலும் திருப்பியிருக்க மாட்டார். ஆனால் அந்தப் பதில்தான் அவருக்கு வழியைக் காட்டியது. மலை வலப்பக்கமே இருந்தால் வண்டி வலப்பக்கமாகவே வளைந்து வளைந்து சுற்றி வரவேண்டும். இங்கே மட்டும் சத்தம் வருவதற்கு அதுதானே காரணம்?

சுற்றை முறையாக முடித்துவிட்டு, வறண்டு கிடந்த ஒரு ஏரிக்குள் வண்டியை இறக்கச் சொன்னார். வலப்பக்கமாக வட்டம் அடித்தால் ‘டொக், டொக்’. இடப்பக்கமாக அடித்தால் சுத்தமாக ஓடியது. மூன்று மூன்று தரம் அடித்துப் பார்த்தார்கள். பின் சீட்டில் முருகையனுக்குத் தலை சுற்றி வாந்தி வரும்போல் ஆகிவிட்டது. ஆதிமூலத்துக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்.

“பேரிங் போயிருந்தா நேரா போனாலும் தட்டும், எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டும்,” என்று சொல்லிக்கொண்டே வண்டிக்கு அடியில் படுத்தார். இஞ்சினைத் தாங்கும் இடப்பக்கத்து ரப்பர் இரண்டாகக் கிழிந்திருந்தது. வண்டி வலப்பக்கம் வளையும்போது இஞ்சின் இடப்பக்கம் சாய்ந்து இரும்போடு இரும்பு மோதியிருக்கிறது. இஞ்சினில் ஒரு குறையும் இல்லை. மண்ணில் படுத்தபடியே அவருக்கு நெஞ்சு விரிந்தது.

அடுத்த நொடியே சுருங்கியது. அந்த ரப்பரை அவருக்குத் தெரியும். ஆறு மாதம் முன்பு, இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று துடைத்து மறுபடி மாட்டியது அவர் கைதான்.

“அப்போ உன் மேல தப்பே இல்லண்ணா. ரப்பர் செஞ்சவன் தப்பு,” என்றான் முருகையன், மேலே நின்றுகொண்டு. ஆதிமூலம் கிழிந்த ரப்பரைக் கழற்றினார். அதை மாட்டியது தன் கை என்று சொல்லாமலே விட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் புது ரப்பர் போட்டார். இன்னொரு முறை மலையைச் சுற்றினார்கள். ஒரு வளைவிலும் சத்தமில்லை. சுப்பிரமணி நேராக ஸ்டாண்டுக்கு ஓட்டிப்போய், இருந்த டிரைவர்களை எல்லாம் கூப்பிட்டார்.

“இஞ்சினை இறக்கணும்னு சொன்னானுங்க. ஆதி ஒரே நாள்ல கண்டுபுடிச்சுட்டான். அவன் வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது, பாத்துக்கோங்க.”

எல்லாரும் ஆதிமூலத்தைப் பார்த்தார்கள். மூன்று நாளாக அவர் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தான். ஆனால் தனக்குச் சேராத பாராட்டை வாங்கிக்கொள்ள அவருடைய தலைக்கனம் இடம் கொடுக்கவில்லை.

“பழைய ரப்பரைத் துடைச்சு மாட்டினது நான்தாண்ணா. அந்தக் குத்தம் என்னுது. அதையும் சேத்துச் சொல்லு,” என்றார். “இஞ்சினைப் பத்தி நானே சொல்லிக்கிறேன்.”