கரை ரோட்டைக் காட்டிய மேப்

"ஒங்க மேப்ப நம்புனா பாம்பு கடிச்சவரோட காரியத்துக்குத்தான் போய்ச் சேருவோம், ஐயனாருண்ணே."

"வாயக் கழுவு தங்கச்சி. ஒன் மேப்புல இந்தக் கண்மாயே இல்ல. வெள்ளையாக் கெடக்கு."

"இல்லாத ரோட்டக் காட்டுறதுக்கு வெள்ளையாவே கெடக்கட்டும்."

ஆம்புலன்ஸின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. அன்னவாசலில் இரண்டு ஆம்புலன்ஸ் வைத்து நடத்துகிறேன். காசு கொடுத்து நல்ல மேப்பாக வாங்கலாம் என்று இரண்டு கம்பெனிகளிடம் பேசியிருந்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டையும் டிரைவர் ஐயனாருக்கு முன்னால் மாட்டிவிட்டேன்.

முதல் கம்பெனி மேப்பில் சந்துபொந்தெல்லாம் இருக்கும். இரண்டாவதில் பாதி ஊருக்குத் தார் ரோடு மட்டும்தான். ரோடு அதிகம் இருப்பதுதானே நல்ல மேப் என்று முதலாவதுக்கே மனதுக்குள் மார்க் போட்டிருந்தேன். ஐயனாரும் அதே கட்சி. முதலுதவி பார்க்கும் சிவரஞ்சனிக்கு மட்டும் இரண்டாவதுதான் பிடிக்கும்.

நேற்றுப் போனது சோதனை ஓட்டம் இல்லை. வேம்பங்குடிப்பட்டியில் நாகராசு என்பவரை வயலில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. அவர் மனைவி மணிமேகலைதான் போன் செய்திருந்தார். காலையில் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. கண்மாய்க் கரைமேல் ஏறிப் போனால் பத்து நிமிடம் என்றது முதல் மேப். தார் ரோட்டிலேயே சுற்றிப் போ, அரை மணி நேரம் என்றது இரண்டாவது.

கரை பிரியும் இடத்தில் ஐயனார் வண்டியை நிறுத்தினார். "சொல்லுங்க சார். இங்கிட்டா, அங்கிட்டா?"

மணிமேகலைக்குப் போன் போட்டேன். "ஏம்மா, கண்மாய்க் கரை மேல வண்டி போகுமா?"

"போகும் சார், போகும்! இப்பத்தான் எங்க கொழுந்தன் அதுல வந்தாரு. வெரசா வாங்க சார், கடிச்ச எடத்துல ரத்தம் நிக்கவே மாட்டேங்குது."

"கரையிலயே விடுப்பா" என்றேன். சிவரஞ்சனி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கரை முதலில் நன்றாகத்தான் இருந்தது. போகப் போகக் கருவேல முள் இரண்டு பக்கமும் வண்டியைக் கீறியது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம். திருப்ப இடமே இல்லை. டேப்லெட்டில் மட்டும் நீலக் கோட்டின்மேல் அழகாகப் போய்க்கொண்டிருந்தோம்.

ஒரு வளைவு தாண்டியதும் ஐயனார் பிரேக்கை மிதித்தார். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலிங்கு. கணுக்கால் அளவுதான் ஓடியது. தண்ணீர் பிரச்சினை இல்லை. டிராக்டர் ஏறிக் கரையைக் கெடுக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் குறுக்கே குத்துக்கல் நட்டிருந்தார்கள்.

மறுபடியும் போன். "ஏம்மா, கல்லு நட்டிருக்கேம்மா. வண்டி எப்படிப் போகும்?"

"போவுமே சார். எங்க வீட்டு வண்டி தெனமும் போவுது."

"என்ன வண்டி?"

"டிவிஎஸ் பிப்டி சார்."

ஐயனார் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார். நம் பக்கம் வண்டி என்றாலே பைக்தான். நானே வீட்டில் "வண்டிச் சாவி எங்க" என்று கேட்டால் பைக் சாவிதான் கைக்கு வரும். மேப் கம்பெனி ஆளும் யாரிடமாவது இப்படிக் கேட்டுவிட்டுத்தான் ரோடு என்று போட்டிருப்பானோ என்னவோ.

சிவரஞ்சனி என் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். "அக்கா, நல்லாக் கேளுங்க. அவர ஒரு எட்டுகூட நடக்க விடாதீங்க. கொழுந்தன் வண்டியில நடுவுல உக்கார வச்சு, நீங்க பின்னாடி புடிச்சுக்கங்க. கால ஆட்டாமக் கொண்டாங்க. நாங்க கலிங்குலதான் நிக்கிறோம்."

நானும் ஐயனாரும் ஸ்ட்ரெச்சரோடு தண்ணீரில் இறங்கினோம். ஒரே பாசி, மூன்று பேரோடு வந்தால் டிவிஎஸ் சறுக்கிவிடும். அக்கரையில் ஸ்ட்ரெச்சரை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். டிவிஎஸ் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

நாகராசுவின் கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. படுக்க வைத்தபோது, "நாகராசுன்னு பேரு வச்சும் கடிச்சிருச்சு பாருங்க சார்" என்றார். அவர் தம்பி சிரித்தார், பிறகு அழுதுவிட்டார். நான்கு பேருமாகத் தூக்கி, பாசியில் காலைத் தேய்த்துத் தேய்த்து இக்கரைக்குக் கொண்டுவந்தோம்.

அதற்குப் பிறகுதான் பெரிய சோதனை. வந்த கரை முழுக்க ரிவர்ஸ். நான் பின்னால் நடந்து கையைக் காட்டினேன்.

"வா, வா... லேசா ஒடி... ஒடிக்காத, ஒடிக்காத! நில்லு!"

பின்சக்கரம் சறுக்கி மண் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்தது. உள்ளே நாகராசு வாந்தி எடுக்கும் சத்தம். "ஐயனாருண்ணே, ஒங்களால முடியும், மெதுவா விடுங்க" என்றாள் சிவரஞ்சனி. தார் ரோட்டைத் தொட்டதும் சைரனைப் போட்டார் ஐயனார். புதுக்கோட்டை வரை எங்கேயும் நிற்கவில்லை.

விஷமுறிவு மருந்து ஏற்றிவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை, கிட்னியை மட்டும் இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்று இன்று காலை டாக்டர் சொன்னார். வார்டு வாசலில் மணிமேகலை என்னைப் பிடித்துக்கொண்டார். "பெரிய வண்டின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா சுத்தியே வரச் சொல்லியிருப்பேன்ல சார்?"

எந்த மேப் என்று இரண்டு கம்பெனியும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. முதலாவது, பைக் பாதையை ஆம்புலன்ஸுக்குக் காட்டுகிறது. இரண்டாவது, போன வாரம் ஒரு காலனியையே காட்டாமல் எங்களை அலையவிட்டது. அடுத்த போன் எந்த ஊரிலிருந்து வருமோ என்று இருக்கிறது. ஆம்புலன்ஸ், ஸ்கூல் வேன், கட்டுமாவடி மீன் வண்டி என்று நம் மாவட்டத்துக்குள் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நீங்கள் எந்த மேப் வைத்திருக்கிறீர்கள்? தப்பு என்று சொன்னால் திருத்துகிறார்களா? நான்கு சக்கரம் போகாத எந்தப் பாதையை உங்களுக்கு ரோடு என்று காட்டியது? ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள்.