அல்லது பாத்தேக்

அழைப்பிதழின் அடியில் "பிளாக் டை" என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் சுகுமாரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோட்டப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் ஈப்போவில் கூடிச் சாப்பிடப் போகிறார்கள். அதற்கு இந்தக் கூத்து எதற்கு? கறுப்பு டை ஒன்று கட்டினால் போதும் என்று பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். கறுப்பு விருந்துக் கோட்டு, பட்டாம்பூச்சி மாதிரி கட்டும் போ டை, பக்கவாட்டில் பட்டுக்கரை ஓடும் கால்சட்டை, எல்லாம் வேண்டும் என்று இவன்தான் ஒவ்வொருவருக்கும் விளக்கினான். விளக்க விளக்க எரிச்சல் ஏறியது.

விருந்தை ஏற்பாடு செய்த மாயாண்டியைச் சுகுமாரன் கூப்பிட்டுக் கேட்டான்.

"ஒரு தடவையாச்சும் நாமளும் தொர மாதிரி உக்காந்து சாப்பிடுவோம்லா மச்சான்" என்றான் மாயாண்டி.

சுகுமாரனின் கவலையெல்லாம் சின்னையாவைப் பற்றித்தான். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன், இப்போது சிம்பாங் பூலாயில் கல் லாரி ஓட்டுகிறான். இதுவரை எந்த விருந்துக்கும் வராதவன், இந்தத் தடவை வருகிறேன் என்றிருந்தான். கோட்டு இல்லாததைச் சாக்காக வைத்து வராமல் நின்றுவிடுவானே என்று சுகுமாரன் வாட்ஸ்அப் குழுவில் இறங்கினான். "சின்னையா மாதிரி லாரி ஓட்டுறவன் கோட்டுக்கு எங்க போவான்? நம்ம ஆளுக்கே கதவ சாத்துறீங்களா?" சண்டை முற்றி, கடைசியில் மாயாண்டி இறங்கி வந்தான். "அல்லது நீளக்கை பாத்தேக்" என்று அழைப்பிதழில் ஒரு வரி சேர்ந்தது; பூப்போட்ட அந்தச் சட்டை மலேசியாவில் எந்தப் பெரிய விருந்துக்கும் செல்லும்.

சின்னையா குழுவில் வாயே திறக்கவில்லை. வெட்கப்படுகிறான், பாவம் என்று நினைத்துக்கொண்டு, தானும் பாத்தேக் சட்டையே போட்டு வருவதாகச் சுகுமாரன் அவனுக்குச் செய்தி அனுப்பினான்.

விருந்தன்று மண்டபத்துக்குள் நுழைந்தால் எங்கும் கறுப்புக் கோட்டு. அத்தனை பாடுபட்டு வாங்கிய வரியை ஒருத்தனும் சீந்தவில்லை. நீலப் பாத்தேக்கில் சுகுமாரன் மட்டும் தனியாகத் தெரிந்தான். சின்னையா வந்தால் சரியாகிவிடும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சின்னையா வந்தான். கோட்டு, போ டை, பட்டுக்கரை ஓடும் கால்சட்டை. எல்லாம் வாடகை, தோள் கொஞ்சம் தொங்கியது.

சுகுமாரனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உனக்காகத்தானேடா அத்தன பேருகிட்டயும் சண்ட போட்டேன். பாத்தேக்ல வர வேண்டியதுதானே?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா மச்சான்?" என்றான் சின்னையா, குரலை உயர்த்தாமல். "வீட்டுல நாலு பாத்தேக் இருக்கு. அழைப்புல என்ன இருந்தாலும் அதுல ஒன்ன போட்டுகிட்டு வரலாம்னுதான் இருந்தேன். இப்ப அந்த வரி எனக்குன்னு எல்லாருக்கும் தெரியும்லா. எப்படி போட்டுகிட்டு வாரது?"

சின்னையா மாயாண்டியின் மேசைக்குப் போய் உட்கார்ந்தான்.