காய் பிடிக்காத மூன்று சந்தன மரங்கள்

1
இந்தக் கதை ஒரு டிபன் பாக்ஸிலிருந்து வந்தது. 1981இல் ஒரு பத்திரிகையில் சந்தனக் கடத்தல் பற்றித் தொடர்கதை கேட்டார்கள். தகவல் தேடி ஆலங்காயம் போகும்போது, செக்போஸ்டில் காவலர்கள் எதிர் பஸ்ஸிலிருந்து ஒரு பெண்ணை இறக்கி, அவள் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். உள்ளே சோறு இல்லை. பூ! அதற்குள் என் பஸ் கிளம்பிவிட்டது. மீதியெல்லாம் கற்பனை.

2
முதல் தொடக்கம்: 'ரத்தம் சொட்டும் கத்தியுடன் அவன் பாலாற்று மணலில்...'

(அடித்துவிட்டேன். ரத்தத்துக்கு இங்கே வேலை இல்லை.)

இரண்டாவது: ஆம்பூருக்கு வெளியே, தோல் பதனிடும் ஷாப்பு வாடை எட்டும் தூரத்தில், வனத்துறை நர்சரி. அங்கே மூன்று சந்தன மரங்கள். ஐந்து வருடமாகப் பூத்துக் கொட்டியும் ஒரு காய் இல்லை. ஆலங்காயம் மலையில் கிடைக்கும் விதை அங்குள்ள நர்சரிக்கே பத்தவில்லை; இங்கே நாற்றுக்கு இந்த மரங்கள்தான் விதை தரவேண்டும்.

"இந்தப் பருவம் பாப்பேன். காய் இல்லேன்னா மரத்த வெட்டிட்டு நர்சரிய மூடிடுவேன்" என்றார் ரேஞ்சர் இருதயராஜ்.

மூடினால், நாற்றுப் பைக்கு மண் நிரப்பும் சம்பூர்ணத்துக்குப் பிழைப்பு போச்சு.

3
(அவளை அழவைக்கப் பார்த்தேன். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பாத்தி வெட்டப் போய்விட்டாள்.)

வெட்டும்போது ஒரு வேர் தட்டுப்பட்டது. தோண்டிக்கொண்டே போனாள். மூன்று மரமும் அந்த ஒரே வேரில் முளைத்தவை! அதாவது மூன்றும் ஒரே மரம். சந்தனப் பூ தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்காது. தேனீ எத்தனை நடை நடந்தும் வீண்.

"சார், மலையில மரம் கலந்து நிக்குது, காய்க்குது. அங்கேர்ந்து பூ எடுத்தாரேன்."

"இன்னாம்மா, மரத்துக்கு மாப்ள பாக்கப் போறியா?"

"ஆமா சார். பெரிய மனுஷனா நீங்களும் வாங்க."

அவர் வரவில்லை. தனியாகப் போன அவளும் முதல் தடவை கோட்டைவிட்டாள். நன்றாகச் சிவந்த பூவாகப் பார்த்துப் பறித்தாள். சந்தனப் பூ வெளிறி விரிந்து, வயதாகித்தான் சிவக்கும். மகரந்தம் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. மறுவாரம் வெளிறிய பூக்களோடு வந்தபோதுதான் செக்போஸ்ட்.

4
காவலர் சத்தார் பாக்ஸை முகர்ந்தார்.

"சந்தனம்ன்ற, வாசனையே இல்லியே?"

"வாசன கட்டையில சார். பூவுல இன்னா இருக்குது?"

"அப்ப பொரியலுக்கா?"

"விதைக்கு சார். வாடறதுக்குள்ள ஆம்பூர் போவணும்."

(இங்கே ஒரு துரத்தல் வைத்திருந்தேன். சத்தார் சிரித்துக் கெடுத்துவிட்டார்.)

5
ஏணியில் ஏறி, பூவைப் பூவில் தொட்டுத் தொட்டு வைத்தாள். கொண்டுவந்தது மூன்று கிளைக்குத்தான் வந்தது. அவற்றில் நூல் கட்டினாள்.

சில வாரம் கழித்து ரேஞ்சர் ஆட்களோடும் கோடாலியோடும் வந்தார். நூல் கட்டிய ஒரு கிளையை வளைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"எண்ணுங்க சார்."

எண்ணினார். பச்சை மணிகள். மூன்று கிளையிலும் சேர்த்துப் பதினொன்று. நூல் இல்லாத கிளைகளில் ஒன்றுகூட இல்லை.

"ரொம்பக் கம்மிம்மா."

"பாக்ஸ் சின்னது சார். அடுத்த வாட்டி கேரியர் எடுத்துனு போறேன்."

ரேஞ்சர் ஆட்கள் பக்கம் திரும்பி, "கோடாலிய..."

அந்த வாக்கியத்தை மூன்று விதமாக எழுதிக் கிழித்தேன். மரம் சாய்கிற முடிவுக்குப் பேனா நகரவில்லை. மரம் நிற்கிறது என்று நானே எழுதினால் அது நான் போட்ட பிச்சை. பதினோரு காய் ஜெயித்ததாகாது. கிளை இன்னும் ரேஞ்சர் கையில்தான் இருக்கிறது. அவர் இடத்தில் நின்று நீங்கள் சொல்லுங்கள்.