காபி இருந்தா நல்லா இருக்கும்

"ஒரு காபி இருந்தா நல்லா இருக்கும்" என்றார் வக்கீல், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தாள். "நல்ல யோசனைதான் அண்ணா" என்றாள். பிறகு அடுத்த பீன்ஸை எடுத்து நார் உரித்தாள்.

வக்கீல் காத்திருந்தார். விளையாட்டுச் செய்தி வரைக்கும் படித்து முடித்துவிட்டார், காபி வரவில்லை. சோபாவில் இருந்த வக்கீலம்மா கணவனைப் பார்த்தாள். கணவன் மனைவியைப் பார்த்தார். இருவருமாகச் சேர்ந்து அத்தையைப் பார்த்தார்கள். அத்தை பீன்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வக்கீலின் தங்கை. வக்கீல் மகள் அத்தை அத்தை என்று கூப்பிட்டதில் வக்கீலம்மாவுக்கும் பால்காரருக்கும் வருகிற கட்சிக்காரர்களுக்கும்கூட அத்தையாகிவிட்டாள். கணவன் செத்துப்போன வருடம், ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றவளிடம் அண்ணன், "நீ இங்கேயே இருந்துட்டா எல்லாருக்கும் நல்லா இருக்கும்" என்றார். எல்லாருக்கும் என்று அவர் சொன்னதில் பொய்யே இல்லை. அந்த வாரமே வேலைக்காரியை நிறுத்திவிட்டார்கள்.

வக்கீல் முற்போக்கானவர். பெண்ணுரிமை பற்றிப் பேச யாராவது கூப்பிட்டால் கோட்டை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்புவார். "எங்க வீட்ல என் தங்கச்சியை யாரும் ஒரு வேலை ஏவினது கிடையாது" என்று மேடைக்கு மேடை சொல்வார், கைதட்டலும் வாங்குவார். இதிலும் பொய் இல்லை. அந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்து ஏவமாட்டார்கள். காற்றைப் பார்த்துச் சொல்வார்கள். துணி மடிச்சிருந்தா நல்லா இருக்கும். ரெண்டு பேர் வர்றாங்க, டிபன் ஏதாவது இருந்தா நல்லா இருக்கும். புதுப் பெண்ணாக வந்த காலத்தில் வக்கீலம்மாவும் இந்தக் காற்றில் அடிபட்டவள்தான். அத்தை வந்து சேர்ந்ததும் நைசாக ஒதுங்கிக்கொண்டாள்.

மகள் கல்யாணத்தன்றும் இப்படித்தான். "மாப்பிள்ளை வீட்ல கொஞ்சம் பழைய ஆளுங்க. நீ சாயங்காலம் வரைக்கும் உள் ரூம்ல இருந்தா நல்லா இருக்கும்" என்றார் அண்ணன். விதவை எதிரே வரக்கூடாதாம். வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் படுக்கை விரித்தவள், தான் தூக்கி வளர்த்த பெண்ணின் கல்யாணத்தை ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தாள். பெண்ணின் முதுகுதான் தெரிந்தது. அன்றைக்கும் அவளை யாரும் உள்ளே போ என்று சொல்லிவிடவில்லை. நாகரிகமாம் நாகரிகம்!

இப்போது அந்த மகள் வெளிநாட்டில் பிள்ளைத்தாய்ச்சி. "அத்தை வந்து குழந்தையைப் பார்த்துக்கிட்டா எவ்ளோ நல்லா இருக்கும்" என்று போனில் கொஞ்சினாள். அந்த ஊரில் ஆயா வைத்தால் சொத்தை விற்க வேண்டுமாம். விசா அதிகாரி கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று, கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் நடந்த ஆங்கிலப் பேச்சு வகுப்பில் அத்தையைச் சேர்த்துவிட்டார் வக்கீல். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

டீச்சர் சின்னப் பெண். எப்போதும் சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பலகையில் எழுதினாள்.

"குட், மைட், ஷுட். கட்டாயப்படுத்தாம யோசனை சொல்றதுக்கு இதெல்லாம் வரும். 'வீ குட் கோ டு த பார்க்.' நாம பார்க்குக்குப் போலாமேன்னு அர்த்தம். இதுக்கு என்ன பதில் சொல்லலாம்?"

"போலாம் டீச்சர்" என்றார் முன்வரிசையில் இருந்த லாரி ஓட்டுநர்.

"போகாமலும் இருக்கலாம். 'தட்ஸ் எ குட் ஐடியா, பட் ஐ ஆம் டயர்ட்.' நல்ல யோசனைதான், ஆனா எனக்கு அசதியா இருக்கு. அவ்வளவுதான்."

அத்தை கையைத் தூக்கினாள். "அப்படிச் சொன்னா அவங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்க மாட்டாங்களா டீச்சர்?"

"யோசனைதானேங்க சொன்னாங்க? அதுக்கு எதுக்கு மூஞ்சியைத் தூக்கணும்? தூக்கினா அது யோசனையே இல்ல."

டீச்சர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டாள். அத்தை போகவில்லை. பார்க்குக்குப் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வகுப்பு முடிந்து இறங்கும்போது கண்ணாடிக் கடைக் கதவில் 'வேலைக்கு ஆள் தேவை' என்று ஒட்டியிருந்தது. தினமும் பார்க்கிற தாள்தான். அன்றைக்கு உள்ளே நுழைந்தாள். கடைக்காரர் சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர். "காலையில கடை திறக்கும்போது இருக்கணும். ஃப்ரேமெல்லாம் துடைக்கணும். வர்றவங்களுக்கு எடுத்துக் காட்டணும். ஒண்ணாந்தேதி சம்பளம். திங்கக்கிழமை வந்துடுங்க" என்றார். முகத்துக்கு நேரே வேலை ஏவி, அதே மூச்சில் சம்பளம் என்றும் ஒருவர் சொல்லி அத்தை கேட்டது அதுதான் முதல் தடவை. சரி என்று தலையாட்டினாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் இந்தக் காபி வராத காலை.

"நாளையிலேருந்து கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போறேன். வெளிநாட்டுக்கு நான் போகல" என்றாள் அத்தை, பீன்ஸை முடித்துவிட்டு.

வக்கீலம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குழந்தை பொறக்கப்போற நேரத்துல... நீங்க கொஞ்சம் யோசிச்சா நல்லா இருக்குமே அத்தை."

"நல்ல யோசனைதான் அண்ணி" என்று சொல்லிவிட்டு அத்தை குளிக்கப் போனாள்.

அன்று பகல் முழுவதும் வீட்டில் யோசனைகள் பறந்தன. சட்டை தேய்ச்சிருந்தா நல்லா இருக்கும். நல்ல யோசனை. பூத்தொட்டிக்குத் தண்ணி விட்டா நல்லா இருக்கும். ரொம்ப நல்ல யோசனை. வக்கீல் கசங்கின சட்டையோடு உலாத்தினார். கோர்ட்டில் எதிர்க்கட்சி சாட்சியைக் கிழித்துத் தொங்கவிடுகிறவருக்கு வீட்டில் வார்த்தை கிடைக்கவில்லை. செய் என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஆனால் அதைச் சொல்லிவிட்டால் மேடையில் எதைச் சொல்வது?

மாலையில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரும், வக்கீல் பேசப் போகிற மன்றத்து நண்பர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். அடுத்த மாதப் பெண்ணுரிமைக் கூட்டத்துக்குத் தலைப்பு முடிவு செய்ய வேண்டும். வக்கீல் சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொண்டார். தங்கையைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"சார், நீங்களே சொல்லுங்க. பச்சைக் குழந்தையைப் பார்த்துக்க ஒரு வாய்ப்பு. இவ கண்ணாடி துடைக்கப் போறாளாம்."

நீதிபதி தொண்டையைச் செருமினார். "யாரையும் கட்டாயப்படுத்தறது தப்பு. ஆனா, போய்ட்டு வந்தா நல்லாத்தான் இருக்கும்மா."

"நல்ல யோசனை சார்" என்றாள் அத்தை. "ஆனா என்னால முடியாது."

"யோசனையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல!" வக்கீல் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "நீ போய்த்தான் ஆகணும்! நாளைக்கு எந்தக் கடைக்கும் போகக்கூடாது! எழுந்து போய் எல்லாருக்கும் காபி போடு!"

யார் முகத்திலும் ஈயாடவில்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வக்கீல் வாயிலிருந்து வந்தது வக்கீலுக்கே அப்போதுதான் கேட்டது.

அத்தை கோபப்படவில்லை. முகம் தெளிந்திருந்தது.

"அப்பாடா! இப்பவாவது சொன்னீங்களே அண்ணா. இவ்வளவு வருஷமா நீங்க காத்துக்கிட்டயே பேசினீங்க, நான் யாருக்குப் பதில் சொல்றது? கல்யாணத்தன்னைக்கு உள்ள போடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னைக்கே சொல்லியிருப்பேன். ஏவினாத்தானே மாட்டேன்னு சொல்ல முடியும்?" அவள் எழுந்தாள். "மாட்டேன்."

சொல்லிவிட்டு, மறுநாள் உடுத்தப்போகிற துணியைத் தேய்க்க உள்ளே போனாள். அந்த உள் ரூமுக்குத்தான் போனாள், ஆனால் கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

கூட்டத்துக்குத் தலைப்பு என்ன என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. வக்கீல் மெதுவாக உட்கார்ந்தார். கூரையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். பழக்கம் விடவில்லை.

"சூடா காபி இருந்தா நல்லா இருக்கும்."

அத்தை வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் இந்தக் காற்று இனி எந்தப் பக்கம் அடிக்கும் என்று வக்கீலம்மாவுக்குத் தெரியாதா என்ன? சோபாவில் சாய்ந்து காலை மடித்துப் போட்டுக்கொண்டாள்.

"நல்ல யோசனைங்க" என்றாள். "எனக்குச் சர்க்கரை கம்மியா."

விருந்தாளிகள் மூன்று பேரும் வக்கீலையே பார்த்தார்கள். வேறு வழியில்லை, எழுந்து போனார். சமையலறையில் பாத்திரம் ஒன்று விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

"ஏய், சர்க்கரை எங்க இருக்கு?"

வக்கீலம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"மேல் தட்டுல இருக்கலாம்" என்றாள். "கீழ் தட்டுலயும் இருக்கலாம்."