தெற்கு மூலை கார்னர்

அப்துல் ரவூபின் கால்பந்து அணி கடைசியாக ஒரு கோல் போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. தோற்பதைப் பற்றி அவருக்கு இப்போதெல்லாம் பெரிய வருத்தமில்லை, அது பழகிப்போன விஷயம். கோல் என்று ஒன்று உண்டு, அதை மனுஷனால் போட முடியும் என்பதே பையன்களுக்கு மறந்துவிட்டதோ என்றுதான் பயமாக இருந்தது.

ஒரு காலத்தில் கோயமுத்தூர் வரைக்கும் போய்க் கோப்பை வாங்கிவந்த அணிதான். ரவூப் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்த புதிதில் பையன்கள் விடிகாலையிலேயே மைதானத்தில் வந்து நிற்பார்கள். இப்போது பாதிப் பேர் காலேஜ் விட்டதும் பனியன் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகிறார்கள். ஆர்டர் இருக்கிற மாசம் பயிற்சிக்கு நாலு பேர் வருவார்கள். ஆர்டர் இல்லாத மாசம் அந்த நாலு பேரும் ஊருக்குப் போய்விடுவார்கள். பதினோரு பேரையும் ரவூப் ஒரே இடத்தில் பார்த்தது குரூப் போட்டோவில் மட்டும்தான். அதிலும் இரண்டு பேர் போட்டோக்காரர் கூட்டிவந்த ஆட்கள்.

மைதானமும் தன் பங்குக்குத் தேய்ந்துகொண்டிருந்தது. தாளாளர் லிங்கசாமிக்குக் கல்லூரி ஒரு பக்கம், ஏற்றுமதி கம்பெனி ஒரு பக்கம். கம்பெனியில் இடம் பத்தாமல் போகவே, மைதானத்தின் தெற்கு மூலையில் தகர ஷெட் போட்டுத் துணி ரோல்களை அடுக்கினார். கார்னர் கொடி ஷெட்டுக்குள் மாட்டிக்கொண்டது. ரவூப் சண்டை போட்டார், மூன்று நாள் லீவு போட்டார், கடைசியில் ஒரு சமாதானம் ஆனது. கொடி நிற்கிற இடத்தில் ரோல் அடுக்கக் கூடாது, மைதானத்தைப் பார்த்து ஒரு பெரிய கதவு வைக்க வேண்டும். அதன்பின் தெற்கு மூலையில் கார்னர் கிடைத்தால் ஆட்டக்காரன் குடோனுக்குள் போய், உள்ளேயிருந்து பந்தைக் கதவு வழியாக வெளியே அடிக்கலாம். இப்படி ஒரு வசதி உலகத்தில் வேறெந்த மைதானத்திலும் இருக்காது. கார்னர் கிடைக்கிற அளவுக்கு யாரும் ஆடாததால் அந்த வசதி சும்மாவே கிடந்தது.

ஒருநாள் தாளாளர் ரவூபைக் கூப்பிட்டனுப்பினார்.

“பாய், தப்பா நெனச்சுக்காதீங்க. சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையருக்கு ஆயிரம் பீஸ் அனுப்பறதுக்கு முந்தி நான் ஒரு பீஸ் சேம்பிள் காட்டோணும். அது ஓகே ஆனாத்தான் ஆர்டர். உங்களை நான் ஜெயிக்கச் சொல்லலீங்க. ஒரு கோல். ஒரே ஒரு சேம்பிள் காட்டுங்க. டீமும் இருக்கும், கிரவுண்டும் இருக்கும். இல்லீன்னா மிச்ச எடத்துலயும் குடோன் கட்டிக்கறனுங்க.”

“எப்பங்க காட்டோணும்?”

“சனிக்கெழமை தாராபுரத்துக் காலேஜ்காரங்க வெளாட வர்றாங்கல்ல? அன்னைக்கே காட்டுங்க. நானும் வந்து உக்காந்துக்கறன்.”

இருபத்தேழு வருஷமாக அவர் அந்த மண்ணில்தான் நிற்கிறார். அதில் துணி ரோல் அடுக்கினால் ரவூப் எங்கே போய் நிற்பார்?

பையன்களுக்கு முதலில் நல்ல ஜெர்ஸியாவது வேண்டுமென்று தோன்றியது. மனைவி ஜுவைரியாவின் தம்பி அனீஸ் காதர்பேட்டையில், ஏற்றுமதியில் கழிந்த துணிகளை விற்கும் சர்ப்ளஸ் கடை வைத்திருந்தான். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று கேன்சலாகி ஐநூறு ஜெர்ஸி அவன் கடையில் வந்து விழுந்திருந்தது. பளபளவென்று மஞ்சள். பிரிண்டிங்காரர் ஐநூறு முதுகிலும் ஏழாம் நம்பரையே அடித்துத் தள்ளியிருந்தார், குறை அது ஒன்றுதான். ரவூப் பதினாறு வாங்கிவந்தார்.

சனிக்கிழமை தாராபுரத்துப் பையன்கள் வேனிலிருந்து இறங்கினார்கள். பளபளவென்று மஞ்சள். எல்லா முதுகிலும் ஏழு.

ரவூப் போனைப் போட்டுக் கத்தினார். “மச்சான், அவுங்களும் நம்ம கடைக்குத்தான் வந்தாங்க. நான் என்னத்தைக் கண்டேன்? ஐநூறும் ரெண்டே நாள்ல போயிருச்சு” என்றான் அனீஸ் பெருமையாக.

நடுவராக வந்திருந்த பழனிமுத்து சேவூர்ப் பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார், சாதுவான மனுஷர். ஒரு அணி ஜெர்ஸியை உள்பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளட்டும் என்றார். ரவூபின் பையன்கள் திருப்பினார்கள். துணி இன்டர்லாக். அதற்கு உள்ளும் வெளியும் ஒன்றுதான், உள்பக்கமும் அதே மஞ்சள், அதில் ஏழு மட்டும் மங்கலாகத் திரும்பித் தெரிந்தது. பனியன் ஊரில் பிறந்துவிட்டு இதுகூட யாருக்கும் முன்னமே தோன்றவில்லை. பழையபடி நேராகவே போட்டுக்கொள்ளச் சொல்லி, “மூஞ்சியப் பாத்து ஆடிக்குங்க கண்ணுகளா” என்று பழனிமுத்து விசிலை ஊதினார்.

மூஞ்சியைப் பார்த்தும் பிரயோஜனமில்லை. ரவூபின் பையன்களில் ஒன்பது பேர் ஒருவரையொருவர் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். மஞ்சளாக வந்தவனுக்கெல்லாம் பந்தைக் கொடுத்தார்கள். தாராபுரத்துப் பையன் ஒருவன் தவறிப்போய் இவர்களிடம் பந்தைத் தட்டிவிட்டால், “ஏனுங்க, இது உங்களுதுங்களா?” என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பார்க்கப் பார்க்க ரவூபுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாராபுரம் ஒன்பது கோல் போட்டுவிட்டது. தாளாளர் நிழலில் நாற்காலி போட்டு, அந்த ஒரு சேம்பிளுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்.

ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது அதிசயம் நடந்தது. தாராபுரத்துப் பையன் காலில் பட்டுப் பந்து தெற்கு மூலைப் பக்கமாக வெளியே போனது. கார்னர்!

திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் இசக்கிமுத்து பந்தை எடுத்துக்கொண்டு குடோனுக்குள் ஓடினான். ரவூபும் மூச்சு வாங்கக் கதவுக்கு ஓடினார். இசக்கிமுத்து கொடியடியில் பந்தை வைத்தான். ஓடிவந்து அடிக்கப் பின்னால் நகர்ந்தான். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல், ரோல் தடுக்கி, அடுக்குக்குப் பின்னால் மல்லாக்க விழுந்தான். அந்நேரம் பார்த்து லோடுமேன் கருப்புசாமி தோளில் ஒரு ரோலோடு வந்தான். வழியில் பந்து கிடந்தது. “வேற எடமே கெடைக்கலியாடா உங்களுக்கு” என்று முனகி ஒரு உதை விட்டான்.

பந்து கதவைத் தாண்டி எழும்பியது. எல்லார் தலைக்கும் மேலே போய், வளைந்து இறங்கி, கோல்கீப்பர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலைக்குள் விழுந்தது.

மைதானமே அலறியது. பந்து எங்கே போனதென்று பார்க்கக் கருப்புசாமி கதவுக்கு வெளியே தலையை நீட்டினான். அவனும் அனீஸ் கடையில் வாங்கியிருந்தான். மஞ்சள், ஏழு. பையன்கள் ஓடிவந்து அவனை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக் கூத்தாடினார்கள். தாளாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, “சேம்பிள் ஓகே! பாய், சேம்பிள் ஓகே!” என்று கத்தினார். தன் குடோன் ஆளின் முகம் அவருக்கும் அடையாளம் தெரியவில்லை. ரவூபுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இசக்கிமுத்து தவழ்ந்து வெளியே வந்தான். “சார், நான் அடிக்கல. வேற யாரோ அடிச்சுட்டாவ.”

“வாயை மூடு” என்றார் ரவூப்.

பழனிமுத்து நோட்டோடு வந்தார். “ரவூப் சார், கோல் போட்டது யாருங்க? எல்லாருமே ஏழா இருக்கறாங்க. பேரு சொல்லுங்க, எழுதிக்கறன்.”

இசக்கிமுத்து ரவூபையே பார்த்துக்கொண்டு நின்றான். போன வருஷம் அவிநாசியில் பந்து தன் கையில் பட்டதை யாரும் பார்க்காதபோதும் தானே கையைத் தூக்கியவன் அவன். அப்படித்தான் செய்ய வேண்டுமென்று சொல்லிவைத்தது ரவூப். இசக்கிமுத்து என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார்.

“கருப்புசாமிங்க.”

பழனிமுத்து மேலிருந்து கீழே தேடினார். “லிஸ்ட்டுல இல்லீங்களே?”

“இருக்காதுங்க. அவரு குடோன் லோடுமேன்.”

பையன்கள் கருப்புசாமியை மெதுவாகக் கீழே இறக்கினார்கள். கோல் செல்லாது, கார்னரைத் திரும்ப அடிக்க வேண்டும் என்றார் பழனிமுத்து. இசக்கிமுத்து அடித்த பந்து கதவு நிலையில் மோதிக் குடோனுக்குள்ளேயே திரும்பிப் போனது. அதோடு ஆட்டம் முடிந்தது.

தாளாளர் தள்ளிவிட்ட நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு கேட்டார். “ஒருத்தரும் பாக்கலீங்களே பாய். பேசாம இருந்திருக்கலாமில்லீங்க?”

“இருந்திருக்கலாமுங்க.”

“இத்தனை வருசமா கம்பெனி நடத்தறன். தன்னோட பீஸைத் தானே ரிஜெக்ட் பண்ணுன ஆளை இன்னைக்குத்தானுங்க பாக்கறன்.” அவர் குரலில் நிஜமாகவே மரியாதை இருந்தது. “இங்க குடோன் எந்திரிச்ச ஒடனே செக்கிங் செக்சனை நீங்களே பாத்துக்குங்க.”

குடோன் ஒரு மாசத்தில் எழும்பிவிட்டது. செக்கிங் மேஜை போட்டிருப்பது பழைய வடக்குக் கோல் போஸ்ட் இருந்த இடத்தில். பீஸில் ஓட்டையோ கறையோ கண்டால் ரவூப் பழக்கதோஷத்தில் விசிலை ஊதிவிடுவார், மொத்த செக்சனும் கையை எடுத்துவிட்டு நிற்கும்.

ஒருநாள் டீ நேரத்தில் கருப்புசாமி பக்கத்தில் வந்து நின்றான். “சார், அன்னைக்கு நான் அடிச்சது நல்ல கோல்தானுங்களே?”

“நல்ல கோலப்பா. அந்த மாதிரி ஒண்ணை நான் பாத்துப் பல வருசமாச்சு.” ரவூப் கையிலிருந்த பீஸை மடித்து வைத்தார். “லிஸ்ட்டுல உம்பேரு இல்லாமப் போச்சு.”

கருப்புசாமி டீயை ஊதிக் குடித்தான். “முன்னாலயே சேத்தியிருக்கலாமில்லீங்க சார்? நாலு வருசமா நான் தெனமும் கிரவுண்டுலதான இருந்தன்.”

ரவூப் அவன் கால்களைப் பார்த்தார். பயிற்சிக்கு ஆள் வரவில்லையென்று தலையில் அடித்துக்கொண்ட எல்லா நாளிலும் இவன் இந்த மூலையில் ரோலோடு நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். டீ நேரம் முடிந்து மணி அடித்தது. கருப்புசாமி டம்ளரை வைத்துவிட்டு லோடு இறக்கப் போனான்.