சீசனுக்குக் காலி

ஏற்காட்டில் வாடகைக்கு வீடு கிடைப்பதே குதிரைக் கொம்பு. கிடைத்த வீட்டில் மே மாதமும் குடியிருப்பதற்கு முன்ஜென்மப் புண்ணியம் வேண்டும். சீசன் வந்தால் எலி வளைக்குக்கூட வெள்ளையடித்து 'ரூம்' என்று போர்டு மாட்டிவிடுவார்கள்.

வெண்ணிலா அங்கே ஒரு லாட்ஜில் போர்வை துவைக்கிறவள். கோடை விழா நெருங்கினால் வீட்டுக்காரர் சந்திரசேகர் வந்து கதவைத் தட்டுவார். அவளும் மகள் சௌமியாவும் மூட்டை கட்டிக்கொண்டு நாகலூரில் அக்கா வீட்டில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்தால் சுவரெல்லாம் யார் யாரோ கிறுக்கிய பெயர்கள். வாடகை கொடுத்தும் அகதிதானா என்று அவளுக்கு வயிறு எரியும்.

அதனால்தான், அரசு மானியத்தில் ஓர் அறக்கட்டளை குறைந்த வாடகைக்கு வீடுகள் கட்டியிருக்கிறது என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றாள். நிலையான வீடில்லாதவர்களுக்குத்தான் அவை. ஆனால் அறக்கட்டளையினர் விசாரித்தபோது சந்திரசேகர் போனிலேயே சத்தியம் செய்துவிட்டார்: "அந்தப் புள்ளய நான் எதுக்குங்க காலி பண்றேன்? எந்தங்கச்சி மாதிரிங்க." மழைக்காலத்தில் அவருக்கு வாடகைக்கு ஆள் வேண்டாமா!

அலுவலர் ஆன்மேரி கையை விரித்தார். வெண்ணிலாவுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது.

"ஏனுங் மேடம், சீசன்ல ஒருக்கா வந்து பாருங்க. சொல்லாம கொள்ளாம வாங்க."

வந்தார். கோடை விழாக் கூட்டத்தோடு கூட்டமாக, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஜீப்பிலிருந்து இறங்கினார். மூட்டை கட்டிக்கொண்டிருந்த வெண்ணிலா ஜன்னல் வழியே பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள். அதற்குள் சந்திரசேகர் குடுகுடுவென்று அவரிடம் ஓடினார்.

"ரூம் வேணுங்களா மேடம்? பேமிலி ரூமுங்க, ஏரி பக்கந்தானுங்க!"

"உள்ள ஆள் இருக்காங்களே?"

"அவங்களா? அரை மணி நேரத்துல கெளப்பிப்போடறனுங்க."

ஏதோ இந்த ஒரு தடவைதான் காலி செய்யச் சொல்கிறார் என்று ஆன்மேரி நினைத்துவிட்டால் எல்லாம் போச்சே என்று வெண்ணிலா பதறினாள். மூட்டையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏனுங்ண்ணா, வருசா வருசம் போறாப்பலதானுங்களே? சீசன் முடிஞ்சதும் வந்தரட்டுங்களா?"

"அதேதான் புள்ள! எந்த வருசம் உன்னயத் திரும்பச் சேத்தாம உட்டேன்? போ போ, மேடம் நிக்கறாங்க பாரு!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? ஆன்மேரி கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் தங்க வரலீங்க. இவங்களுக்கு வீடு குடுக்கலாமான்னு பாக்க வந்தேன். அன்னிக்குப் போன்ல பேசினது நான்தான்."

"நொம்ப நாளாப் பழகின புள்ளைங்க... ஒரு வெளையாட்டுக்குச் சொன்னனுங்க," என்று சந்திரசேகர் இழுத்தார். சௌமியா சிரிப்பை அடக்க முடியாமல் கதவுக்குப் பின்னால் ஓடினாள். பள்ளி திறப்பதற்குள் புது வீட்டின் சாவி கைக்கு வந்துவிட்டது.

அடுத்த மே மாதம் அந்த வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. "அக்கா, இங்க ரூம் கிடைக்குமா?"

வெண்ணிலா இடுப்பில் கைவைத்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "கெடைக்காதுங்க! இது ஊடுங்க. நாங்க குடியிருக்கறமுங்க."

பொழுது சாயும்வரை கார்கள் வந்து நின்றுகொண்டே இருந்தன. அவளும் அலுக்காமல் ஒவ்வொருவருக்கும் அதையே சொன்னாள்.